கீழவைப்பாருக்கு விற்ற மைக்

தூத்துக்குடி,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் விஜிலாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதாவின் தயவில் நானும் அப்பாவும் சுகம். அவருக்கு முழங்கால் வலி, எனக்கு வாய் அடங்காத வியாதி, இரண்டும் பழசுதான், அதனால் கவலைப்படாதே. நீயும் அந்த டப்ளின் குளிரில் சளி பிடிக்காமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாயிருக்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலையில் உனக்கென்று பத்து மணி உருட்டிச் சொல்கிறேன். போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். உன் போன் வந்தால் அப்பா உடனே ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய சங்கதி இல்லை இது. அதனால் உனக்கு வாங்கிய மக்ரூன் இனிப்புப் பார்சலுக்குள் வைத்து அனுப்புகிறேன். பதறாமல் படி. உனக்கு அங்கேயே நிரந்தர வேலை கிடைத்துவிட்டது, இனி ஊருக்குத் திரும்பி அப்பாவின் ரெக்கார்டிங் ஸ்டூடியோவை எடுத்து நடத்த வரப்போவதில்லை என்று என்னிடம் மட்டும் சொன்னாயே, அப்பாவிடம் நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் மூச்சுவிடக் கூடாது என்றாயே, அது அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. சொன்னது நான்தான். ஆனால் அவரிடம் சொல்லவில்லை.

நீ வந்து உட்காரும்போது ஸ்டூடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற புது மிக்சர் இருக்க வேண்டும் என்றுதானே அப்பா போன வருஷம் முன்னறையில் மைக், கீபோர்டு, ஸ்பீக்கர் என்று இந்தச் சாமான் வியாபாரத்தைத் தொடங்கினார். உப்புக்காற்றில் கிட்டார் கம்பி சீக்கிரமே துருப்பிடிப்பதால் அது மட்டும் தானாக விற்கிறது. மற்றதற்கெல்லாம் நான் ஒரு ஆளை உள்ளே கூப்பிட்டால் உன் அப்பா அந்த ஆளை வெளியே அனுப்பிவிடுகிறார். யார் என்ன கேட்டு வந்தாலும் ரெக்கார்டிங் அறைக்குள் கூட்டிப்போய் பாடச் சொல்லி, வாசிக்கச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, உங்களுக்கு இது எதற்கு, வீட்டில் இருப்பதே போதும் என்று சொல்வது ஒரு வியாபாரமா? நீயே சொல். ஆனால் பிடித்த ஆள் வந்துவிட்டால் தன்னிடம் இருப்பதிலேயே நல்லதை எடுத்துக் கொடுத்துவிடுவார், அதில்தான் இந்த முறை மாட்டிக்கொண்டோம்.

கீழவைப்பாரில் கடற்கரையை ஒட்டி இருக்கிற சின்ன மாதா கோயிலில் உன் ஷெர்லி சித்திதான் பாடற்குழுத் தலைவி. திருவிழாவுக்கு மைக் வேண்டும் என்று தன் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அப்பா அவர்களை அறைக்குள் நிறுத்தி, பாட்டுப் பதிவுக்கென்று வைத்திருந்த அந்தப் பெரிய மைக்கை வைத்துப் பாடவிட்டார். மூச்சைக்கூட விடாமல் பிடிக்கிற மைக் அது. நாலு சுவருக்குள் அந்தப் பெண்களின் குரல் எனக்கே அழுகை வருகிற மாதிரி இருந்தது. எல்லோரும் அதுதான் வேண்டும் என்றார்கள். அப்பாவும், நல்ல காதுள்ளவர்கள் என்று பூரித்துப்போய் அதையே கட்டிக் கொடுத்தார். சத்தம் வராத அறையில் கேட்டதை வைத்துக் காற்றும் கடலுமாக இருக்கிற கோயிலுக்கு மைக் கொடுக்கலாமா என்று முப்பது வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிற மனுஷனுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, ஒன்று விற்றதே என்று இருந்தேன்.

திருவிழா அன்று அப்பாவே போய் மிக்சரில் உட்கார்ந்தார், பூசையைப் பதிவும் செய்தார். ஷெர்லி என்னைத் தன் பக்கத்தில் பாடற்குழு பெஞ்சில் உட்காரவைத்துக்கொண்டாள். சாமியார் பிரசங்கம் முடித்து உட்கார்ந்து எல்லோரும் மௌனமாக இருந்த நேரம். மைக் எங்களுக்கு மூன்று முழம் தள்ளி நின்றது. ஷெர்லி என் காதில் மெதுவாக, விஜிலா எப்ப வாரா என்றாள். நானும் குனிந்து மெதுவாகத்தான் சொன்னேன், "அவ வரமாட்டா ஏளா, அங்கனயே வேல நிரந்தரமாயிட்டு, இவருகிட்ட அவ எப்படிச் சொல்லப்போறாளோன்னு முழிச்சிக்கிட்டு இருக்கேன்" என்று. கோயில் முழுக்கக் கேட்டது. வெளியே தெருவில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர்களிலும் கேட்டது. படகு ஓரத்தில் நின்றவர்களுக்கும் கேட்டதாம். அப்பா காதில் ஹெட்போனுடன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பதிவு ஓடும்போது எதையும் தொடக்கூடாது என்பது அவர் பழக்கம், அதனால் சத்தத்தைக் குறைக்கவும் இல்லை. சாமியார் இருமிவிட்டு எழுந்து விசுவாசப் பிரமாண ஜெபத்தைத் தொடங்கினார். பூசை முடிந்ததும் ஊர் ஆண்கள் ஒவ்வொருவராக வந்து துக்க வீட்டில் விசாரிப்பது போல அப்பாவின் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள்.

திரும்பி வரும்போது அவர்தான் வண்டி ஓட்டினார். நான் அழுதுகொண்டே வந்தேன். தருவைக்குளம் ஊர் தாண்டியதும் வண்டியை ஓரமாக நிறுத்தி, "அந்த மைக்க அங்கன கொடுத்தது என் தப்பு" என்றார். அவ்வளவுதான். டீ குடிக்கும்போது, பிள்ளைக்கு அந்த வேலை பிடித்திருக்கிறதா என்று மட்டும் கேட்டார். படங்களுக்குச் சத்தம் சேர்க்கிறாள், அவளுக்குத் தனி அறையே கொடுத்திருக்கிறார்கள், ரொம்பப் பிடித்திருக்கிறது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

பொய் சொல்லமாட்டேன், அவருக்கு வலித்தது. இரண்டு நாள் ரெக்கார்டிங் அறைப் பக்கமே போகவில்லை. முன்னறையில் உட்கார்ந்து, கேட்டவர்களுக்குக் கேட்டதை எடுத்துக் கொடுத்தார், யாரையும் பாடச் சொல்லவில்லை. வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது, எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் சாயர்புரத்திலிருந்து ஒருவர் பெரிய மிக்சர் கேட்டு வந்தார். அப்பா அவரை உட்காரவைத்து அரைமணி நேரம் விசாரித்து, உங்கள் மிக்சரில் ஒன்றும் இல்லை, ஒயர்தான் போயிருக்கிறது என்று ஒரு ஒயரைக் கையில் கொடுத்து அனுப்பினார். அப்பாடா என்று இருந்தது எனக்கு. கீழவைப்பாருக்கும் அவரே போய், பெரிய மைக்கை எடுத்துக்கொண்டு, வாயருகே வைத்துப் பாடுகிற சாதாரண மைக் மூன்றை மாட்டிக் கொடுத்து, கோயிலிலேயே பாடவைத்துக் கேட்டுவிட்டு வந்தார். இனி எந்தக் கோயிலுக்கும் நேரில் போய்க் கேட்டுவிட்டுத்தான் விற்பனையாம். ஷெர்லி வாரம் மூன்று நாள் கடைக்கு வரச் சம்மதித்திருக்கிறாள். என்னை மைக் பக்கம் விடக்கூடாது என்பது அவள் போட்ட நிபந்தனை. ஸ்டூடியோ நடக்கும், அதை நினைத்து நீ மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. எனக்கும் உன்மேல் கோபம் இல்லை, ஏக்கம் இருக்கிறது, அது இருந்துவிட்டுப் போகட்டும்.

காதை மூடித் தொப்பி போட்டுக்கொள், மக்ரூனை ஒரே நாளில் தீர்க்காதே, கூட வேலை செய்கிறவர்களுக்கும் கொடு. உன் கையின் பிரயாசத்தை ஆண்டவர் ஆசீர்வதிப்பார், மாதா உன் கூடவே நடப்பாள், என் முத்தங்கள்.

ஒன்றை மறந்துவிடாதே. நேற்று இட்லி சாப்பிடும்போது அப்பா சொன்னார், "ஊரே கேட்டுட்டு, என் மக வாயால நான் இன்னும் கேக்கல. அவ சொல்லட்டும். எனக்குத் தெரியும்னு நீ சொல்லிப்புடாத" என்று. சொல்லாதே என்றாரே தவிர எழுதாதே என்று சொல்லவில்லை. அதனால் பார்சல் கைக்கு வந்ததும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீயே கூப்பிட்டு, எதுவும் தெரியாத அப்பாவிடம் சொல்வது போல முதலிலிருந்து சொல். அவரும் முதல் தடவை கேட்பது போலவே கேட்பார். அதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் யாருக்கும் ரெக்கார்டிங் தேதி கொடுக்காமல் வைத்திருக்கிறார்.

உன் அன்பு அம்மா,
ஞானசௌந்தரி மரியான்