'நார்மல்' என்று சீட்டு ஒட்டிய குழாய்

இன்று காலை சத்துவாச்சாரியில் கண் டாக்டர் எனக்குச் சொட்டு மருந்து விட்டுக் கண்ணின் அழுத்தத்தை அளந்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நார்மல்தான், கிளம்பலாம் என்றார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். மருந்து எரிகிறதாக்கும் என்று நர்ஸ் பஞ்சு கொடுத்தாள்.

எழுபதுகளின் கடைசியில், வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் உனக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து ஸ்டூல். கண்ணில் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் குளுக்கோமா நோய் உள்ளவர்களின் ரத்த வெள்ளணுக்களைக் குழாயில் வளர்த்து, ஸ்டீராய்டு மருந்தைச் சேர்த்துப் பார்ப்பது நம் வேலை. அவர்களுடைய அணுக்கள் அந்த மருந்துக்குப் பெருகாமல் சீக்கிரம் அடங்கிப்போகும், மற்றவர்களுடையவை அவ்வளவு அடங்காது என்று பெரிய டாக்டர் நம்பினார். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ரத்தம் வேண்டுமே, யாரைத் தேடுவது? ஆம்பூரிலிருந்து ரயிலில் நின்றுகொண்டே வந்து, டீகூடக் குடிக்காமல் நீ கையை நீட்டுவாய். நான் குழாயில் 'நார்மல்' என்று சீட்டு ஒட்டுவேன்.

மூன்று தடவையும் உன் அணுக்கள் நோயாளிகளுடையதைப் போலவே அடங்கிப்போயின. ஒரு வாரத்து வேலை பாழானதில் எனக்கு எரிச்சல். உன் ரத்தமே பேஜார் பிடித்தது என்று கேலி செய்து, குழாய்களைத் தொட்டியில் கொட்டிவிட்டு, வாட்ச்மேனிடம் ரத்தம் வாங்கினேன். முடிவு எதிர்பார்த்தபடி வந்தது. உனக்கும் அந்த நோய் இருக்குமோ என்று நீ மட்டும் யோசித்தாய்.

"கீழ போய் கண்ணக் காட்டிட்டு வரட்டாடி?" என்று எழுந்தாய்.

"வேல ஜாஸ்தி கெடக்குது, உக்காரு" என்றேன். உட்கார்ந்தாய்.

கண் பிரிவு ஒரு மாடி கீழே இருந்தது. வலிக்காத நோய், நீயும் மறந்துவிட்டாய். நாலைந்து வருடம் கழித்துக் கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்ள ஆரம்பித்தாய். பக்கத்தில் இருக்கும் குழாய்களைத் தட்டிவிட்டாய். கண்ணாடியை மாற்று என்றேன், மகா புத்திசாலி நான். கடைசியில் காட்டியபோது கண் நரம்பு முக்கால்வாசி போயிருந்தது. அந்தப் பரிசோதனையையே நம்ப முடியாது என்று பிற்பாடு பலர் சொன்னார்கள். சொல்லட்டும். உன்னை ஒரு மாடி கீழே அனுப்ப அந்தச் சந்தேகமே போதுமாயிருந்தது.

நீ வேலையை விட்டபின் ஆம்பூரில் உன்னைப் பார்க்க வந்தேன். என் குரலுக்குச் சற்றுத் தள்ளிப் பார்த்துப் பேசினாய்.

"அன்னிக்கே போய் காட்டியிருக்கணும். சோம்பேறித்தனம்டி எனக்கு. யாரச் சொல்றது?"

உனக்கு நிஜமாகவே நினைவில்லையா, எனக்காக மறந்தாயா, தெரியாது. நான் வாயைத் திறக்கவில்லை. அப்போது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டாய்.

அந்த நிம்மதியைத்தான் இன்னும் சுமக்கிறேன். நீ சோம்பேறி இல்லைடி. நீ எழுந்தாய். உட்காரச் சொன்னவள் நான்.