கேட்காத விடுப்பு

ஜூலை 4, வெள்ளி
இன்று சொல்லாதது: நான் விடுப்புக் கேட்கவே இல்லை.
சொன்னது: "லீவு தர மாட்டாங்கம்மா."
தம்பி சதீஷுக்கு ஆவணியில் கல்யாணம், திண்டிவனத்தில். தாலியின் முதல் முடிச்சு அவன் போடுவான். மற்ற இரண்டும் நாத்தனார் போட வேண்டும். அவனுக்கு இருப்பது ஒரே அக்கா, நான்.
அம்மா விடவில்லை. "ஒரு வாரங்கூடவா தர மாட்டானுங்க? வந்து முடிச்சப் போட்டுட்டு அப்டியே ஓடிடேன்."
இங்கே ஸ்வீடனில் ஜூலை என்றால், நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகமே காலி. எல்லோரும் விடுப்பில். விடுப்பே கிடையாது என்றவள் மட்டும் வேலையில். நடைவழியில் என் செருப்புச் சத்தம்.

ஜூலை 5, சனி
வெயில். குடியிருப்பின் பொதுத் துணி துவைக்கும் அறையில் என் முறை 2 முதல் 5 வரை. வாங்க: வெங்காயம், தயிர், பல்பு.
வந்து பதினொரு மாதம். முதலில் சனிக்கிழமைகளில் அழுதேன். இப்போது சனிக்கிழமை பிடிக்கிறது. ரொட்டி, புத்தகம், யாரும் எதுவும் கேட்காத மதியம்.
முப்பத்தொரு வயது. எனக்கு முன்னால் தம்பிக்குக் கல்யாணம். மணவறையில் மணமக்கள் பின்னால் போய் நின்றால் மண்டபமே என்னைத்தான் பார்க்கும். "நீ எப்போ?" அதற்குப் பயந்து சொன்ன பொய். எழுதிப் பார்த்தால் எவ்வளவு சின்னக் காரணம்.

ஜூலை 13, ஞாயிறு
மழை. சதீஷ் கூப்பிட்டான்.
"க்கா, ஐப்பசில லீவு கெடைக்குமா?"
யோசிக்காமல், "கெடைக்கும்டா."
"அப்ப ஐப்பசிதான். பேசிட்டேன்."
பெண் வீடு கண்டாச்சிபுரம். தேதியை மாற்றியதற்குச் சத்தம் போட்டிருக்கிறார்கள். "எங்க அக்கா இல்லாம முடிச்சு கெடையாதுன்னு நின்னுட்டேன் க்கா." ஐப்பசியில் குறித்த நாளில் திண்டிவனம் மண்டபம் காலி இல்லை. விழுப்புரத்தில் வேறு பிடித்தாயிற்று.
பின்னால் அத்தை குரல்: "ஆமாமா, மகாராணி ஏரோப்ளேன்ல வந்து எறங்கினாதான் தாலி ஏறும். அதுவரிக்கும் ஐயரு மந்திரம் சொல்லிக்கினே இருப்பாரு!"
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.
ஆவணி தேதி போட்டு அடித்த பத்திரிகை கட்டுக் கட்டாகக் கிடக்கிறதாம். அப்பா அதன் பின்பக்கத்தில் மளிகை லிஸ்ட் எழுதுகிறார்.

செப். 9, செவ்வாய்
காலைக் காபி வேளையில் பேராசிரியரிடம் கேட்டேன். நவம்பரில் இரண்டு வாரம். கேக் நறுக்கிக்கொண்டே, "தம்பி கல்யாணமா? மூன்று வாரம் எடுத்துக்கொள்ளேன்" என்றார்.
ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. என் கேக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தேன்.

செப். 11, வியாழன்
டிக்கெட் போடுவதற்கு முன் பல்கலைக்கழக அலுவலகத்தில் விசாரித்தேன். என் குடியிருப்பு அட்டை இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. புதியதற்கு விண்ணப்பித்தாயிற்று. அது கைக்கு வரும்வரை நாட்டைவிட்டுப் போகலாம், திரும்பி நுழைய முடியாது.
"எப்போது வரும்?"
"சிலருக்கு ஒரு மாதம். சிலருக்கு ஆறு." பிறகு, அக்கறையோடு, "ஆகஸ்டில் போயிருந்தால் சிக்கலே இல்லை."

அக். 12, ஞாயிறு
அட்டை வரவில்லை. தினமும் தபால் பெட்டி. இன்று இரண்டு தடவை, ஞாயிறு என்று தெரிந்தே.
அட்டை இல்லாமல் வர முடியாது என்று அம்மாவிடம் சொன்னேன். ஜூலையில் பொய் சொன்ன அதே குரல்தான் இதற்கும் வந்தது. நம்பினாள். "ஒடம்பப் பாத்துக்கோ" என்றாள். திட்டியிருக்கலாம்.
பிறகு சதீஷிடம் மட்டும் எல்லாவற்றையும். ஆவணிக்கு நான் கேட்கவே இல்லை என்பது வரைக்கும்.
விழுப்புரம் பஸ் நிலையத்தில் நின்றிருந்தான். பத்திரிகை வைக்கப் போகிற வழி. "பாண்டி, பாண்டி, பாண்டி" என்று யாரோ கத்தும் சத்தம்தான் ரொம்ப நேரம் கேட்டது.
"அம்மாகிட்ட சொல்லாத க்கா."
"கோவமாடா?"
"பஸ் எடுக்கறான். வெச்சிடறேன்."

நவ. 3, திங்கள்
காலை. ஜன்னலில் பனி. வீடியோ அழைப்பில் கல்யாணம். அத்தை போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள், பாதி நேரம் விட்டத்து மின்விசிறிதான் தெரிந்தது. மேளம். நாத்தனாராக நிற்கச் சொல்லிச் சித்தப்பா மகளை நிறுத்தியிருந்தார்கள். அவள் கையை நீட்டினாள். சதீஷ் கயிற்றை விடவில்லை.
மூன்று முடிச்சையும் அவனே போட்டான்.