ஊதாத் துணிக்குள் ஒரு ராக்கெட்

ஜூலை 11, வெள்ளி.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளகோவில் தரிசுக் காட்டில் என் மாதிரி ராக்கெட்டைப் பறக்கவிடுவதாக எங்கள் ராக்கெட் ஆர்வலர் குழுவில் சொல்லிவிட்டேன். அதன் உடலுக்கு அட்டைக் குழாய் இல்லை. இணையத்தில் விலை இரட்டிப்பாகிவிட்டது; வந்து சேர மூன்று வாரமாம். இன்று ஈரோட்டில் ஒரு துணிக்கடையில், திரைத்துணி சுற்றியிருந்த குழாயை அளந்து பார்த்தேன். கச்சிதம்!

"ஏனுங்க, இந்தக் குழாய் மட்டும் கிடைக்குங்களா?"

கடைக்காரர் சிரித்தார். "துணி தீந்துபோச்சுன்னா சும்மாவே எடுத்துக்குங்க, அம்மணி."

தீர வேண்டுமே! அங்கேயே நின்று, வந்தவர்களிடமெல்லாம் அந்த ஊதாத் துணியைப் புகழ்ந்தேன். சாயம் போகாதுங்க, வெயில் தாங்குங்க என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மூன்று மணி நேரத்தில் நாலு பேர் வாங்கினார்கள். மிச்சம் ஆறு மீட்டரை நானே வாங்கிக்கொண்டு, குழாயோடு வீடு வந்தேன்.

துணியைப் பார்த்துவிட்டு என் கணவர் கேட்டார்: "ஏன் அம்மணி, ராக்கெட்டுக்கு ஜன்னலும் வெக்கறயா?"

குழாயில் இறக்கை ஒட்டிக் காயவைத்திருக்கிறேன். சற்றுமுன் கடைக்காரர் போன் செய்தார்.

"பச்சைத் துணி ஒண்ணு ஒரு வருசமா போகாம கெடக்குதுங்க. அதுலயும் குழாய் இருக்குதுங்க. நாளைக்கு வாரீங்களா?"