சம்பந்தியம்மாவிடம் ஒரு வாக்கியம்

மார்ச் 4

இன்று முதல் ஸ்வீடிஷ். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை முடிந்து வந்து, காதில் ஒலிப்பாடத்தை மாட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்கினேன். இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்து, வாக்கர் பிடித்து நடை பழகும் என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமா?"

"நீங்க இந்த வயசுல நடை பழகலையா? நான் பேச்சு பழகுறேன்."

அதோடு நடையைக் கட்டினார். மெதுவாகத்தான்.

மார்ச் 9

எதற்கு இந்த வேலை என்று எனக்கே எழுதி வைத்துக்கொள்கிறேன். ஸ்வீடனில் இருக்கும் மகளுக்கு ஜூலையில் பிரசவம். இவரை இந்த நிலையில் விட்டு நான் போக முடியாது. மாப்பிள்ளை அந்த ஊர்க்காரர், ரயில் ஓட்டுபவர், பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். கூட இருக்கப்போவது சம்பந்தியம்மாதான். நல்ல மனுஷி. ஆனால் என் மகளைப் பற்றி ஒரு விஷயம் அவருக்குத் தெரியாது. வலி வந்தால் இவள் கத்த மாட்டாள், அழ மாட்டாள். பேச்சை நிறுத்திவிடுவாள். கல்லூரி விடுதியில் குடல்வால் வெடிக்கப்போன அன்று, பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று தோழிகள் கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறார்கள்!

அங்கேயோ யாருமே வீணாகப் பேச மாட்டார்களாம். அப்படிப்பட்ட ஊரில் இவள் வாயை மூடிக்கொண்டு கிடந்தால், அடக்கமான மருமகள் என்றல்லவா நினைப்பார்கள்?

இதை அவளையே மொழிபெயர்க்கச் சொன்னால், "அம்மா, நீ சும்மா இரு" என்பாள். அரைகுறைத் தமிழ் பேசும் மாப்பிள்ளையிடம் சொன்னால் சாயங்காலமே அவளிடம் ஒப்பித்துவிடுவார். சம்பந்தியம்மாவுக்கு ஆங்கிலம் வரும், எனக்குத்தான் வராது. எப்படியும் ஒரு மொழி படித்தாக வேண்டும் என்றால், அவருடைய மொழியையே படித்துவிட்டுப் போகிறேன்.

மார்ச் 10

போனிலேயே மொழிபெயர்ப்பு வசதி இருக்கிறதே என்றார் கடை முதலாளி. அதில் சொல்லிப் பார்த்தேன். லிஃப்டில் கேட்கும் அறிவிப்பு மாதிரி ஒரு குரல் பேசியது. பெற்றவள் சொல்ல வேண்டியதை லிஃப்டு சொல்வதா?

மார்ச் 19

மூக்குக்கண்ணாடிக்கு அவர்கள் மொழியில் 'கிளாஸ்-ஓகொன்'. கண்ணாடிக் கண்கள்! நாம் அதைத் தாங்கும் மூக்குக்குப் பெயரைக் கொடுத்தோம், அவர்கள் பார்க்கும் கண்ணுக்குக் கொடுத்திருக்கிறார்கள். யார் செய்தது நியாயம்? நாள் முழுக்கக் கண்ணாடிச் சட்டங்களைத் துடைத்துக்கொண்டே யோசித்தேன். மூக்குத்தான் பாவம், தழும்பு விழுவது அதற்குத்தான்.

ஏப்ரல் 2

இன்று துள்ளிக் குதித்தேன். ஸ்வீடிஷில் அம்மாவின் தங்கைக்கு ஒரு சொல், அப்பாவின் தங்கைக்கு வேறு சொல். மாமாவும் சித்தப்பாவும் வேறு வேறு. சித்தியும் அத்தையும் ஒன்றில்லை என்று தெரிந்தவர்கள்! இவர்களோடு தாராளமாகச் சம்பந்தம் வைத்துக்கொள்ளலாம் என்று இவரிடம் சொன்னேன்.

"கல்யாணம் முடிஞ்சு மூணு வருஷம் ஆச்சு" என்றார்.

ஏப்ரல் 16

ஏழு என்பதைச் சொல்ல உதட்டைக் குவித்துத் தொண்டையிலிருந்து ஊத வேண்டும். சூடான காப்பியை ஆற்றுவது போல. கடையில் ஒரு பெரியவருக்குக் கண் சோதனை. எழுத்து அட்டைக்குப் பக்கத்தில் நின்று என்னை மறந்து ஊதிக்கொண்டிருந்திருக்கிறேன். "ஏம்மா, அந்தப் பக்கம் ரொம்பப் புழுக்கமா?" என்றார்.

'ழ' வராத எதிர்வீட்டுப் பெண்ணை எத்தனை நாள் கேலி செய்திருக்கிறேன். நன்றாக வேண்டும் எனக்கு.

மே 6

ஒன்றும் ஏறவில்லை. நேற்றுப் படித்தது இன்று போயே போச்சு.

மே 21

வாக்கியம் உருவாகிவிட்டது. 'அவள் பேசாமல் இருந்தால் அவளுக்கு வலிக்கிறது. அப்போது அவளைப் பாருங்கள்.' அவ்வளவுதான். இதற்கா இத்தனை பாடு! குளிக்கும்போதும், பேருந்திலும், தாளிக்கும்போதும் சொல்கிறேன். கூடவே நடந்துகொண்டு இவரும் சொல்கிறார். வாக்கரை வைக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு சொல்.

ஜூன் 8

மகள் பரிசோதனைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துச் சம்பந்தியம்மாவைக் கூப்பிட்டேன். சொல்லிவிட்டேன். தடுக்கி விழாமல் முழுதாகச் சொன்னேன்.

அவர் விசுக்கென்று மூச்சை உள்ளே இழுத்தார். பிறகு, மழை வரும் போலிருக்கிறது என்றார். வைத்துவிட்டார்.

ஜூன் 9

தப்பு பண்ணிட்டேன். வேற எப்படி அந்த மூச்சு வரும்? என் மருமகளை எனக்குப் பாக்கத் தெரியாதா, இவ யாரு எனக்குச் சொல்றதுக்குன்னு நினைச்சிருப்பாங்க. நானா இருந்தா நினைக்க மாட்டேனா? ஊருக்கு முந்தி ஓடிப் போய் வாயைக் கொடுத்து... இப்ப என் மேல இருக்கிற கோபத்தை அவ மேல காட்டினா? வேலையே ஓடல. ஒருத்தருக்கு இடது லென்ஸை வலதுல மாட்டிட்டேன்.

ஜூன் 15

பொறுக்க முடியாமல் மகளிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். "உங்க மாமியாருக்கு மூச்சிரைப்பு ஏதாவது இருக்கா?"

அவள் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. "அது 'ஆமா'ம்மா! இங்க வடக்குப் பக்கம் ஆமான்னு சொல்றதுக்கு அப்படித்தான் மூச்சை இழுப்பாங்க. நானே முதல்ல பயந்துட்டேன்."

ஆமாம்! சரி என்றிருக்கிறார். இதை எந்தப் பாடத்திலும் சொல்லவில்லையே, படுபாவிகள். அப்புறம் யோசித்தேன். நாம் 'ப்ச்' என்றால் இல்லை என்று அர்த்தம். அதை எந்தப் பாடத்தில் சொல்லித் தருவார்கள்? ஒரு வாரம் கழித்து இன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஜூலை 11

மத்தியானம், ஒரு பெண்ணுக்குக் காதுப் பக்கம் சட்டத்தை வளைத்துக்கொண்டிருக்கும்போது சம்பந்தியம்மாவின் அழைப்பு. தனியாக அவரே. எனக்குப் புரிய வேண்டும் என்று சின்னச் சின்னச் சொல்லாக, நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

அவள் பேசாமல் இருந்தாள். நான் பார்த்தேன். உடனே கிளம்பினோம்.

பெண் குழந்தை. இருவரும் நலம். இன்னும் தாமதித்திருந்தால் ஆபத்து என்று டாக்டர் சொன்னாராம். நன்றி என்று சொல்லத் தெரியும், முதல் பாடமே அதுதான். ஆனால் வாய் வரவில்லை. இரண்டு பேரும் அழுதோம். முன்பின் தெரியாத அந்தப் பெண், காதில் பாதி மாட்டிய கண்ணாடியோடு எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஜூலை 13

மகள் பேசினாள். குரல் தேறியிருக்கிறது. குழந்தையின் மூக்கு அப்பா மாதிரியாம்.

"ஆனா அம்மா, ஒண்ணுதான் புரியல. நான் வலிக்குதுன்னு வாயே தெறக்கல. ஜன்னல் பக்கம் சும்மா உக்காந்திருந்தேன். அத்தை வந்து மூஞ்சிய ஒரு தடவை பாத்தாங்க, காரை எடுத்துட்டாங்க. எப்படிம்மா தெரிஞ்சுது?"

"நல்ல மாமியார்டி உனக்கு" என்றேன்.