வத்தையில் நின்றவன்

சேசு மரி சூசை துணை

பாளையங்கோட்டை,
20-3-1995

அன்புள்ள தம்பி இன்னாசிக்கு,

அக்காள் மரியம்மாள் எழுதுவது. உறையின் மேல் 'சங்கைக்குரிய சுவாமி' என்று முறையாகத்தான் எழுதியிருக்கிறேன். உள்ளே நீ தம்பிதான். நாலு பேர் முன்னால் 'நீங்க' என்பேன், கடிதத்தில் அது எனக்கு வராது. இங்கே உன் அத்தான், ஆன்லின், அப்பா, நான் எல்லாரும் உடம்புக்குச் சுகம். உன் மிஷன் பக்கம் மலேரியா என்று எழுதியிருந்தாய். ஊருக்கெல்லாம் மருந்து கொடுத்துவிட்டு நீ வலை கட்டாமல் படுப்பாய் என்று எனக்குத் தெரியும். வலை கட்டிப் படு.

நேற்று ஞாயிறாகிவிட்டதால் இன்றுதான் சூசையப்பர் திருநாள். சூசைதானே வளன், நம் வளன் அண்ணனின் பெயர்த் திருநாள். காலைப் பூசையில் அவனுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்து எழுத உட்கார்ந்தேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். இருபத்தைந்து வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊரார் பேச்சைக் காதில் வாங்கினவள் நான். எதைப் போனில் பேசக்கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அப்பாவுக்கு அறளை பெயர்ந்துவிட்டது என்று கார்த்திகையில் எழுதினேன் அல்லவா, இப்போது முற்றிவிட்டது. மூளை சுருங்கிக்கொண்டு வருகிறது, மருந்து கிடையாது, மனசு நோகாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார் டாக்டர். பதினோரு பேரை வைத்துக் கொழும்புக்குத் தோணி ஓட்டிய சந்தியாகு தண்டலுக்கு எங்கள் வீட்டுக் கக்கூசுக்கு வழி தெரியவில்லை. சொந்தப் பேத்தியைப் பார்த்து, இது யார் வீட்டுப் பிள்ளை என்று தினமும் கேட்கிறார். ஆன்லினும் தினமும், உங்க வீட்டுப் பிள்ளைதான் தாத்தா என்கிறாள். கல்லூரியில் படிக்கிறவளுக்கு இருக்கிற பொறுமை எனக்கு இல்லை.

அவருடைய விரல்கள் மட்டும் எதையும் மறக்கவில்லை. பலசரக்குப் பொட்டலத்துச் சணலை நாம் கத்தரிக்கப் போனால் பிடுங்கிக்கொண்டு, அரைமணி நேரமானாலும் நகத்தால் நெம்பி அவிழ்ப்பாரே, நினைவிருக்கிறதா? ஒரு முழம் சணலுக்கு இத்தனை கஞ்சத்தனமா என்று அம்மா கேலி செய்வாள். இன்றைக்கும் அப்படித்தான்.

ஜனவரியில் ஒருநாள் காணாமல் போனார். நீ பயப்படுவாய் என்று எழுதவில்லை. சீவலப்பேரி ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தவரை, சட்டைப்பையில் நாங்கள் வைத்திருந்த விலாசத்தைப் பார்த்து, பீர் மைதீன் என்ற டீக்கடைக்காரர் சாயங்காலம் பஸ்ஸில் கூட்டிவந்து விட்டார். அந்த நல்ல மனுஷன் பஸ் காசுகூட வாங்கவில்லை. எங்கே போகிறீர்கள் என்று அவர் கேட்டதற்கு, ஆத்தோடயே போனா புன்னைக்காயல் வந்துரும்லா, அங்கன கடல் கெடக்கு என்றாராம். சொன்னதில் என்ன தப்பு? தாமிரபரணி நம் ஊரில்தானே கடலில் விழுகிறது. அடுத்த ஞாயிறு புன்னைக்காயலுக்கே கூட்டிப்போனோம். கரையில் நின்று, தோணி எங்கே என்று கேட்டு அழுதார்.

அப்போதுதான் உன் அத்தான், இப்படிக் கடலைத் தேடுகிற மனுஷனை ஒருதடவை கப்பலில் ஏற்றிக் கூட்டிவந்துவிடலாம் என்றார். ஆபீஸில் எனக்கு எல்.டி.சி. பயணச் சலுகை பாக்கி இருந்தது. கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குச் சுற்றுலாக் கப்பல் போகிறது, ஐந்து நாள், படுக்கை சாப்பாடு எல்லாம் சேர்த்து. அறளை பெயர்ந்த கிழவரை உல்லாசக் கப்பலில் ஏற்றப் போகிறாளாம் என்று ஆபீஸில் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று கிளம்பினேன்.

முதல் நாள் நாங்கள் மூன்று பேரும் குடலைக் கக்கிக்கொண்டு கிடந்தோம். அப்பா கம்பியைத் தொடாமல் மேல்தட்டில் நடந்தார். ஒரு படி தவறவில்லை. மத்தியானத்துக்கு மேல் காற்று திரும்பும் என்றார், திரும்பியது. கப்பல் சிப்பந்திகள் பெரியவர் என்ற அர்த்தத்தில் மலையாளத்தில் 'காரணவர்' என்று கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார்கள். அப்பாவைத் திரும்பக் கொடுத்துவிட்டாயே மாதாவே என்று நான் அழுதேன். அவ்வளவு சந்தோஷம்.

ஒன்றுதான் நெருடியது. தலையை எண்ணிக்கொண்டே இருந்தார். சாப்பாட்டு மேசையில் எங்களை எண்ணி, ஒன்று குறைகிறது என்பார். மறுபடி எண்ணுவார். பிறகு ஒரு தட்டில் சோறு வாங்கி, இன்னொரு தட்டால் மூடித் தனியே வைத்தார். யாருக்கு அப்பா என்றேன். வளனுக்கு, பின்னால நிக்கான், இப்ப வருவான் என்றார். நான் திரும்பிப் பார்த்தேன் தம்பி. செத்து முப்பது வருஷம் ஆனவனை ஏன் திரும்பிப் பார்த்தேன் என்று தெரியவில்லை. அதன்பிறகு கப்பலின் பின்பக்கம் போக எனக்குக் கால் வரவில்லை. ஒவ்வொரு வேளையும் அந்தத் தட்டு மூடியபடியே இருந்தது.

இரண்டாம் நாள் காலையில் ஒரு தீவுக்கு வெளியே கப்பல் நங்கூரம் போட்டது. கரையை ஒட்டி ஆழம் கிடையாதாம். சின்னப் படகுகள் வந்து கப்பலின் பக்கவாசலில் கயிறு கட்டி நின்று ஆட்களை இறக்கிக்கொண்டு போகின்றன. அலையில் படகு ஆள் உயரத்துக்கு ஏறி இறங்குகிறது. அத்தானும் ஆன்லினும் இறங்கிவிட்டார்கள். அப்பா வாசலில் வந்து கீழே பார்த்தார். படகில் இருபது வயசு மதிக்கத்தக்க ஒருவன், தொப்பலாக நனைந்தவன், இரண்டு கையையும் தூக்கி வா வா என்றான். அப்பா அசையவில்லை. கிழவர் அடுத்த படகில் வரட்டும் என்று சொல்லிச் சிப்பந்தி கயிற்றை அவிழ்க்கப் போனார்.

அப்பா பாய்ந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டார். எண்பத்தொரு வயசுக் கையை மூன்று ஆண்கள் சேர்ந்தும் பிரிக்க முடியவில்லை. கயிறு உருவி, உள்ளங்கைத் தோல் கிழிந்து ரத்தம் சொட்டியது. அப்போதும் விடவில்லை.

"விடாதிங்கலே, புள்ள உள்ள நிக்கான். ஒருக்க அறுத்துட்டேன். இன்னொருக்க என்னால ஆவாது."

சுற்றி நின்றவர்களுக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரியும்.

அன்று நானும் அவரும் தீவில் இறங்கவில்லை. இரண்டு கைக்கும் கட்டுப் போட்டு அறையில் படுக்க வைத்தேன். என்னை அம்மா என்று நினைத்துக்கொண்டு, செபஸ்தியம்மா என்று பேர் சொல்லிக் கூப்பிட்டார். அம்மாவிடம் கடைசிவரை சொல்லாததை என்னிடம் சொன்னார்.

அறுபத்து நாலு மார்கழி. நீயும் அந்தத் தோணியில் இருந்தாய். பதினாலு வயசு, லீவுக்குக் கொழும்பு பார்க்கவேண்டும் என்று அடம்பிடித்துப் போனாய். திரும்பி வரும்போது புயல். அலை அடித்து வளனைக் கொண்டுபோய்விட்டது என்று அப்பா சொன்னார். நான் கீழே மூட்டைகளுக்கு நடுவே தூங்கிவிட்டேன், ஒன்றும் பார்க்கவில்லை என்று நீ சொன்னாய். கூட வந்தவர்களும் அலைதான் என்றார்கள். அம்மா அதை நம்பியே எண்பத்தாறில் கண்ணை மூடினாள்.

அப்பா சொன்னது வேறு. தோணிக்குப் பின்னால் கயிற்றில் கட்டி இழுத்துவந்த சின்ன வத்தையில் தண்ணீர் ஏற, இறைத்துக் கொட்ட வளன் அதில் இறங்கியிருக்கிறான். வத்தை நிறைந்து, தோணியின் பின்பக்கத்தைக் கீழே இழுக்க ஆரம்பித்துவிட்டது. அவனை இழுத்து ஏற்றப் பார்த்தும் முடியவில்லை. இன்னும் ஒரு அலை அப்படி வந்தால் தோணியே போய்விடும், பதினோரு பேரும் நீயும் உள்ளே. அப்பா கத்தியை எடுத்தார். நீ அவர் கையைப் பிடித்துத் தொங்கினாயாம். உன்னை உதறிவிட்டுத்தான் வத்தைக் கயிற்றை அறுத்தாராம்.

கட்டுப்போட்ட கையால் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"வத்தையில நின்னு கைய ஒசத்திக் காட்டினான் ஏட்டி. அறுங்கன்னு காட்டினானா, அறுக்காதிங்கன்னு காட்டினானா, அந்த மழையில எனக்குத் தெரியல. சின்னவனுக்கு நல்ல கண்ணு. அவன் பாத்திருப்பான். அவன்ட்ட கேட்டுச் சொல்லு."

மீதி மூன்று நாளும் நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டுப்போட்ட கை, நான்தான் ஊட்டவேண்டும். சோற்றைப் பார்த்து ஊட்டினேன். பாவி என்று வாய்வரைக்கும் வந்தது. அவரோ எல்லாம் மறந்து, நல்லா ஊட்டுதா இவ, யாரு பெத்த புள்ளையோ, நல்லா இருக்கணும் என்றார். அதற்குமேல் என்னால் கோபத்தைக் கட்டிப் பிடிக்க முடியவில்லை.

உன்மேலும் கோபம் வந்தது. ஏன் மறைக்க வேண்டும்? அம்மா சாவுக்கு வந்தவன் ஒன்பது வருஷமாக ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மிஷன் வேலை, லீவு இல்லை என்று எழுதுவாய், நானும் நம்பினேன். பிறகு பதினாலு வயசு எவ்வளவு சின்ன வயசு என்று நினைத்தேன். ஆன்லின் பதினாலு வயசில் கரப்பான் பூச்சிக்கே அலறுவாள்.

உன் முதல் பூசையன்று ஊரே வரிசையில் நின்று உன் உள்ளங்கைகளை உதட்டில் ஒற்றி முத்தி செய்ததே. அம்மா முத்தி செய்துவிட்டு விடவே மாட்டேன் என்றாள். அப்பா உன் முன்னால் வந்து, உன் கையைப் பார்த்துவிட்டு, திரும்பிக் கோயிலுக்கு வெளியே போய்விட்டார். மகன் சாமியாரான சந்தோஷம் தாங்கவில்லை என்று எல்லாரும் சொன்னோம். முப்பது வருஷமாக அவர் பூசையில் நாக்கை நீட்டி நன்மை வாங்கியதில்லை. பங்குச் சாமியோடு ஏதோ பிணக்கு என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தோம்.

மறந்துவிட்டால் நல்லதுதானே, தானாகப் போய்விடும் என்கிறார் உன் அத்தான். போகவில்லையே. என் பெயர் போய்விட்டது. அம்மா செத்தது போய்விட்டது. நேற்று தோணியின் பெயரும் போய்விட்டது. இது ஒன்று மட்டும் போகவில்லை. ஊருக்குத் திரும்பியதிலிருந்து தினமும் விடிந்ததும், சின்னவன்ட்ட கேட்டியா என்கிறார். அப்பா, அறுங்கன்னுதான் அண்ணன் கையைக் காட்டினான் என்று நானே ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். நீ அங்கன இல்லயே என்றார். அதற்கு மட்டும் புத்தி தெளிவாக இருக்கிறது.

ஆறு மாதத்தில் பேச்சும் நின்றுவிடும் என்கிறார் டாக்டர். கேட்கத் தெரியாமல் அந்தக் கேள்வியை உள்ளே வைத்துக்கொண்டு அவர் கிடப்பதை என்னால் பார்க்க முடியாது. அதனால் கேட்கிறேன். பாஸ்குத் திருநாள் உன் மிஷனில் முடிந்த மறுநாளே ரயில் ஏறு. ஜங்ஷனில் அத்தான் வந்து நிற்பார். பாவசங்கீர்த்தனம் கேட்க இங்கேயும் சாமிமார் இருக்கிறார்கள். அப்பாவுக்கு வேண்டியது தோணியில் இருந்த ஒருவன்.

வத்தையில் நின்றவன் கையைத் தூக்கி என்ன சொன்னான் என்று நான் உன்னைக் கேட்கமாட்டேன். தூங்கிவிட்டேன் என்று அம்மாவிடம் சொன்னாய், என் வரைக்கும் நீ தூங்கினாய், அவ்வளவுதான். கேட்கிறவர் ஒருவர்தான். அவர் காதில் மட்டும் சொல். நான் ஆன்லினையும் கூட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுகிறேன். நீ சொன்னால் நம்புவார்.

சாமியாருக்கு நான் ஆசீர் சொல்வது முறையில்லை. தம்பிக்குச் சொல்லலாம். நம் கடலும் ஆறும் உன்னைச் சேதமில்லாமல் கொண்டுவந்து சேர்க்கட்டும். மாதா கூட வருவாள்.

உன் அக்காள்,
மரியம்மாள்

பி.கு.: உனக்குக் கருப்பட்டியும் மாசிக்கருவாடும் தனிப் பார்சலாக அனுப்பியிருக்கிறேன், இரண்டு மூன்று நாள் பிந்தி வரும். மேல்துணி நான் தைத்தது, அதைக் கிழித்துக்கொள். உள்ளே பெட்டியைக் கட்டியது அப்பா. சின்னவனுக்கு என்று சொன்னதும், புண் ஆறாத கையோடு, யாரையும் தொடவிடாமல் அவரே கட்டினார். முடிச்சு இறுக்கமாகத்தான் இருக்கும். கத்தி போடாதே தம்பி. பைய அவிழ்.