சாட்சிக்கு ஓராள்

புதன், இரவு.

அம்மாவின் தம்பி முனிரத்தினம் மாமாவின் மாந்தோப்பு இன்று சத்தியவேட்டில் ஒரு சென்னைக்காரர் பெயருக்குப் பதிவாகிவிட்டது. நான் அங்கே போனது புரோக்கராக இல்லை, சாட்சியாக.

அட்வான்ஸ் கைக்கு வரும்வரை இடம் எங்கே என்று வாயைத் திறக்க மாட்டோம். எங்கள் தொழிலில் அதுதான் பழக்கம். வீடியோ போடாத புரோக்கரை இனி எவன் தேடுவான் என்று ஆளாளுக்குச் சொன்னதால் நானும் இந்தத் தோப்பை எடுத்துப் போட்டேன். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் தோப்புக்குப் பின்னால், ஊர்ப் பெயர் எழுதிய தண்ணீர் டேங்க் நின்றதைக் கவனிக்காமல் விட்டேன். சென்னைக்காரர் கவனித்திருக்கிறார். நேராக மாமா வீட்டுக்கே போய்ப் பேசி முடித்துவிட்டார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா மாமா?" என்று கேட்டேன்.

"நீ எங்கடா ஆள கூட்டினு வந்த? அவரே போன்ல பாத்துக்கினு வந்தாரு. சாட்சிக்கு ஓராளு கொறையுது, கையெழுத்துப் போடு."

தாய்மாமன் ஆயிற்றே. போட்டுத் தொலைத்தேன்.

வீட்டுக்கு வந்து அந்த வீடியோவை அழிக்கப் போனால், இடம் இன்னும் இருக்கிறதா என்று யாரோ கீழே கேட்டிருந்தார். விற்றாகிவிட்டது என்று எழுதினேன்.

உடனே பதில் வந்தது: "வாழ்த்துகள் சார். உங்க வீடியோ சூப்பர்."