பயந்தால் பேச்சு வராது

அன்புள்ள உங்களுக்கு,

நேற்று குழந்தைகள் நலப் பணிக்காக, சங்கரன்கோவிலில் ஒரு தறிக்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் மகள் முத்துமாரியின் முதுகில் பெல்ட் தடம் இருந்தது. என்ன கேட்டும் அவள் வாய் திறக்கவில்லை.

"ஊமை மாதிரி நடிக்கா மேடம்," என்றார் தறிக்காரர்.

"நடிக்கல அண்ணாச்சி. பயம் முத்திட்டுன்னா மூளை பேச்சை அடைச்சிரும். எங்களுக்குப் பயிற்சியில சொல்லித் தந்திருக்காவ," என்றேன். நலக்குழுவிடம் சொல்லி அவளைக் காப்பகத்தில் சேர்த்தேன்.

வீட்டுக்கு வந்து நம் பாப்பாவிடம், "அப்பா லீவுல வாராவ," என்றேன். சோற்றில் வைத்த அவள் கை அப்படியே நின்றது.

"என்னட்டி?"

இன்னும் பதில் இல்லை.

பிடிவாதம் என்பீர்கள். போன முறையும் அப்படிச் சொல்லித்தான் அவளை உள்ளே இழுத்துப்போய் அறைக்கதவைச் சாத்தினீர்கள். இந்த முறை ரயில் ஏற வேண்டாம். வந்தாலும் நாங்கள் இங்கே இருக்க மாட்டோம்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா